தனிக்கிளையும் தாய்மரமும்



ஒருவர் தனித்திருந்து எழுதும் எழுத்துக்கு ஒரு கையே பொறுப்பு. பலர் கூடி எழுதும் எழுத்துக்கோ, எந்த வரியை எந்தக் கை தொட்டது என்று கண்டறிவதே பெரும்பாடு. மாகாண மட்டத்துப் பரீட்சை ஒன்றுக்குக் கணித வினாத்தாள் ஆக்கும் பணியை எண்ணிப் பாருங்கள். கண்டியில் ஓர் ஆசிரியர், கம்பளையில் ஒருவர், மாத்தளையில் ஒருவர் என மூவர் அதில் ஈடுபடுகின்றனர். கோப்பு மின்னஞ்சலில் போகின்றது. திருத்தத்தோடு திரும்பி வருகின்றது. ஒரு வாரத்தில் அதற்கு 'இறுதி' என்று ஒரு பெயர், 'இறுதி இரண்டு' என்று மற்றொரு பெயர், 'உண்மையான இறுதி' என்று வேறொரு பெயர். அச்சுக்கு அனுப்பும் நாளில் இம்மூன்றில் எது மெய்யான இறுதி என்பதை அதை ஆக்கியவர்களே அறியார்.

கணினிக்கு நிரல் எழுதுவோர் இந்த இடரை நம்மைவிடப் பன்மடங்கு அனுபவித்தவர்கள். ஒரு மென்பொருளில் பல்லாயிரம் வரிகள். அவற்றை எழுதுவோர் பல பேர். அவர்கள் வாழும் ஊர்களும் பல. ஒரு வரி பிழைத்தாலும் முழுவதும் நின்றுவிடக்கூடும். ஆதலின் அவர்கள் தங்களுக்கென ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டார்கள். அதற்குப் பதிப்புக் கட்டுப்பாட்டு முறைமை என்று பெயர். அம்முறைமையில் 'தனிக்கிளை' என்று ஒன்று உண்டு. அது யாது, அதை எவ்வாறு கையாளுதல் வேண்டும், அதிலிருந்து ஆசிரியரும் மாணவரும் பெறத்தக்க பாடம் யாது என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் அதன் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1972ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ரொச்கைன்ட் என்பவர் இத்தகைய முறைமை ஒன்றை உருவாக்கினார். ஒரு கோப்பில் நிகழ்ந்த மாற்றங்களை எல்லாம் வரிசையாகச் சேமித்துவைத்து, வேண்டும்போது பழைய நிலையை மீட்டுத் தருவதே அதன் வேலை. அதன் பின்னர் வேறு பல முறைமைகள் தோன்றின. இன்று உலகெங்கும் மிகுதியாக வழங்குவது 'கிட்' என்னும் முறைமையாகும். லினக்ஸ் இயக்குதளத்தைத் தோற்றுவித்த லினஸ் டோர்வால்ட்ஸ் அதை 2005ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் எழுதத் தொடங்கினார். லினக்ஸ் ஆக்குநர்கள் அதுகாறும் இலவசமாகப் பயன்படுத்திய 'பிட்கீப்பர்' என்னும் முறைமையின் இலவச உரிமம் மீளப்பெறப்பட்டதே அதற்குக் காரணமாயிற்று.

கிட் முறைமையில் ஒவ்வொரு முறை வேலையைச் சேமிக்கும்போதும் ஒரு 'பதிவு' உண்டாகின்றது. அப்பதிவில் நான்கு செய்திகள் அடங்கும்: வேலையின் அப்போதைய முழுநிலை, அதைச் செய்தவர் பெயரும் நேரமும், மாற்றத்தின் நோக்கம் பற்றிய சிறு குறிப்பு, இதற்கு முந்திய பதிவு எது என்னும் சுட்டு. இவை யாவற்றையும் கொண்டு கணிக்கப்பட்ட ஓர் அடையாளம் பதிவுக்குக் கிடைக்கின்றது. எண்ணும் எழுத்தும் கலந்த அந்த அடையாளம் பெரும்பாலும் 40 உருக்கள் நீளமானது. ஒவ்வொரு பதிவும் தன் முன்னோனைச் சுட்டுவதால், சங்கிலி ஒன்று பின்னோக்கி முதற்பதிவு வரை செல்கின்றது. நடுவில் ஒரு கணுவை மாற்றினால் அதற்குப் பின்வரும் கணுக்கள் யாவற்றின் அடையாளமும் மாறிவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

இனிக் கிளை என்பது யாது? அனைவரும் ஏற்றுக்கொண்ட பதிவுகளின் சங்கிலியைத் தாய்மரம் எனக் கொள்வோம். அதன் ஏதேனும் ஒரு புள்ளியிலிருந்து பிரிந்து, ஒருவர் தமக்கென வேறொரு சங்கிலியை வளர்த்துச் செல்லலாம். அதுவே கிளை. அது இன்னும் பிறருக்கு வழங்கப்படாமல் அவருடைய பொறுப்பிலேயே இருக்குமாயின் தனிக்கிளை. கிளை வெட்டுவதற்காகக் கோப்புகள் யாவற்றையும் மீண்டும் படியெடுக்க வேண்டியதில்லை. கிட் முறைமையில் கிளை என்பது ஒரு பதிவின் அடையாளத்தைச் சுட்டும் சிறு குறிப்பே ஆகும். ஆதலால் அதைத் தோற்றுவிக்கக் கணநேரமே போதும். வேலை பயன்படாது போயின் அதை நீக்கிவிடுதலும் எளிது. தாய்மரத்துக்கு ஒரு கீறலும் நேராது.

தனிக்கிளையின் முதற்பயன் இதுதான். முற்றுப்பெறாத சிந்தனைக்கு அது ஓர் ஒதுக்கிடம். கணக்கைச் சுத்தப்பிரதியில் எழுதுமுன் மாணவன் ஒரு பயிற்சித் தாளில் போட்டுப் பார்க்கின்றான். அத்தாளில் வெட்டும் இருக்கும், திருத்தும் இருக்கும், தவறான வழியில் நாலு படி சென்று திரும்பிய தடமும் இருக்கும். அதை எட்டிப் பார்த்து ஏளனம் செய்யும் ஆசிரியர், அம்மாணவனின் சிந்தனையை முளையிலே கிள்ளுகின்றார். பிழைப்பதற்கு ஓர் இடம் கொடாத கல்வி, துணிவதற்கும் இடம் கொடாது. இந்த உண்மையை மென்பொருள் ஆக்குநர் உணர்ந்து, தங்கள் கருவியிலேயே அதற்கு ஓர் இடம் அமைத்திருக்கின்றார்கள்.

ஆயினும் கிளை என்னும் சொல்லைக் கொண்டு நாம் மயங்கிவிடலாகாது. கண்டி வாசிகளுக்குக் கிளைப்பாதை என்றால் உடனே நினைவுக்கு வருவது பேராதனைச் சந்தியாகும். கொழும்பிலிருந்து வரும் இருப்புப்பாதை அங்கே இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று கண்டிக்கும் அப்பால் மாத்தளைக்கும் செல்வது. மற்றது கம்பளை, நாவலப்பிட்டி வழியாக மலையேறிப் பதுளைக்குச் செல்வது. கண்டிக்குப் பாதை வந்தது 1867இல், மாத்தளைக்கு 1880இல், பதுளைக்கு 1924இல். பிரிந்த இரு பாதைகளும் அப்பால் எங்கும் ஒன்றுசேர்வதில்லை. மாத்தளைப் பாதை மாத்தளையோடு முடிகின்றது. புகையிரதத்துக்கு அது குறையன்று. பயணிகளை அவரவர் ஊரில் சேர்ப்பதே அதன் தொழில். மென்பொருட் கிளையின் தொழிலோ வேறு. அது பிரிவதே மீண்டும் சேர்வதற்காக. தாய்மரத்தோடு சேராமல் தன்போக்கில் முடிந்துபோகும் கிளை, எத்துணை அழகாக எழுதப்பட்டிருந்தாலும், பொதுவுக்குப் பயன்படாத உழைப்பேயாகும்.

சேராத கிளைகளால் விளையும் துன்பத்தை அறிவதற்குத் தமிழர் வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை. நம் ஏட்டுச்சுவடிகளின் வரலாறே போதிய சான்று. ஒரு நூலை ஒருவர் ஓலையில் படியெடுத்தார். அப்படியை மற்றொருவர் வேறோர் ஊரில் படியெடுத்தார். ஒருவர் ஓர் எழுத்தைப் பிறழ வாசித்தார். ஒருவர் விளங்காத சொல்லைத் தமக்கு விளங்கிய சொல்லாக மாற்றினார். ஒருவர் ஓரத்திலிருந்த குறிப்பை மூலத்தோடு சேர்த்துவிட்டார். ஒவ்வொரு சுவடியும் ஒரு தனிக்கிளை ஆயிற்று. யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்னும் குறிப்பு ஓலையில் இல்லை. நூற்றாண்டுக் கணக்கில் அக்கிளைகள் தம்முள் சந்திக்கவும் இல்லை.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, அவ்வாறு சிதறிக்கிடந்த சுவடிகளைத் தேடித் திரட்டி ஒப்புநோக்கியவர்களுள் முன்னோடி. வீரசோழியம் 1881இலும், கலித்தொகை 1887இலும் அவர் முயற்சியால் அச்சேறின. அதே 1887இல் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். பல படிகளை எதிரெதிரே வைத்து, எப்பாடம் பொருந்தும் என்று வரிவரியாக ஆராய்வதே அப்பெரியோர் ஆற்றிய பணி. பாடபேதம் என்று நாம் சொல்வதை மென்பொருளார் 'முரண்' என்கின்றனர். ஒரே வரியை இரு கிளைகள் இரு விதமாக மாற்றியிருந்தால், இணைக்கும்போது கிட் அங்கே நின்று இரு பாடங்களையும் காட்டி, எது வேண்டும் என்று மனிதனைக் கேட்கின்றது. தாமாகத் தீர்ப்புச் சொல்வதில்லை. நேற்றுப் பிரிந்த கிளையாயின் அத்தீர்ப்பு ஐந்து நிமிட வேலை. நெடுங்காலம் பிரிந்திருந்த கிளைகளுக்கோ பேரறிஞர் ஒருவரின் வாழ்நாள் தேவைப்பட்டது.

இனி நம் நாட்டிலேயே, நம் காலத்திலேயே, பல கைகள் கூடி எழுதிய மென்பொருள் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலை இலங்கைக் கரைகளை அழித்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உயிர் தப்பியோர் முகாம் முகாமாக உறவினரைத் தேடி அலைந்தனர். ஒரு முகாமின் பட்டியல் மற்றொரு முகாமுக்குத் தெரியாது. அந்நாட்களில் இலங்கையின் கணினித் துறையைச் சேர்ந்த தொண்டர்கள் ஒன்றுகூடி மென்பொருள் ஒன்றை எழுதினார்கள். காணாமற்போனோர் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, நிவாரண நிறுவனங்களின் பதிவேடு, தேவைகளையும் உதவிகளையும் பொருத்தும் பகுதி ஆகியன அதில் அமைந்தன. 'சஹன' என்று பெயரிட்டார்கள். சிங்களத்தில் அச்சொல்லுக்கு நிவாரணம் என்பது பொருள். லங்கா மென்பொருள் மன்றம் அதற்கு ஆதரவாக நின்றது. யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமை தரும் திறந்த மூல மென்பொருளாக அது வெளியிடப்பட்டது.

சஹன தொடங்கிய வேளையில் கிட் பிறந்திருக்கவில்லை. அது பிறக்க இன்னும் சில மாதங்கள் இருந்தன. ஆயினும் பலர் சேர்ந்து எழுதுவதன் இலக்கணம் எக்கருவிக்கும் ஒன்றுதான். ஒருவர் முகாம் பதிவேட்டைத் தம் கணினியிலேயே வைத்துக்கொண்டு, 'இன்னும் செவ்வையாக்கிய பின் தருவேன்' என்று நாள் கடத்துவாராயின், அத்தனை நாளும் ஒரு தாய்க்குத் தன் பிள்ளை எந்த முகாமில் இருக்கின்றது என்பது தெரியாது போகும். மாறாக, சோதித்துப் பாராத நிரலை அவசரத்தில் பொதுவில் சேர்த்துவிட்டால், அதுவரை ஓடிக்கொண்டிருந்த பதிவேடும் நின்றுபோகும். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள நேரிய வழியே தனிக்கிளையின் ஒழுக்கம். தனித்திருந்து செய், சோதித்துப் பார், தாமதியாது சேர்.

சஹன இலங்கையோடு நிற்கவில்லை. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின் பின்னும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின் பின்னும், அதே ஆண்டில் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நிலநடுக்கத்தின் பின்னும் அது பயன்பட்டது. சமூக நலம் பயக்கும் திட்டத்துக்கென சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் விருது, 2006ஆம் ஆண்டுக்கு அதற்குக் கிட்டியது. பல நாடுகளுக்குச் செல்லும் மென்பொருளுக்கு ஒரு புதிய சிக்கல் உண்டு. ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் மொழி, அதன் நிருவாகப் பிரிவுகள், அதன் படிவங்கள் என்று உரிய மாற்றங்கள் வேண்டும். அம்மாற்றங்களை அந்தந்த நாட்டார் தம் கிளையில் தாய் நிரலின் உள்ளேயே புகுத்திவிட்டால், நாளை தாய்மரத்தில் வரும் நல்ல திருத்தம் அவர்களை எட்டாது. பின்னர் பைதன் மொழியில் புதிதாக எழுதப்பட்ட 'சஹன ஈடன்' இதற்கு ஒரு வழி கண்டது. இடத்துக்கு இடம் மாறும் அமைப்புகளைத் தனி வார்ப்புருக்களாக ஒதுக்கி வைத்து, எல்லார்க்கும் பொதுவான நடுப்பகுதியைத் தனியே காத்தது. எனவே, நெடுநாள் நிலைக்க வேண்டிய தனித்தன்மையைக் கிளையில் வைத்தலினும், அதற்கென அமைத்த ஓர் அறையில் வைத்தலே சிறப்பு.

இதுகாறும் கூறியவற்றிலிருந்து, தனிக்கிளையில் வேலை செய்வோர் கைக்கொள்ளத்தக்க நெறிகள் சிலவற்றைத் தொகுத்துச் சொல்கின்றேன். க.பொ.த. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் மாணவர்கள் இவற்றைக் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது, ஒரு கிளைக்கு ஒரு நோக்கமே இருத்தல் வேண்டும். நூலகப் பட்டியலில் தேடும் வசதியைச் சேர்ப்பதற்கெனப் பிரித்த கிளையில், வழியிற் கண்ட வேறு பத்துப் பிழைகளையும் திருத்தப் புகுந்தால், அக்கிளை ஒருபோதும் முடிவுறாது. சரிபார்ப்பவருக்கும் எது எதற்காக என்று விளங்காது.

இரண்டாவது, கிளையின் ஆயுள் குறுகியதாக இருத்தல் வேண்டும். நாம் தனித்திருக்கும்போது தாய்மரம் உறங்குவதில்லை. பிறர் அதை வளர்த்துக்கொண்டே இருக்கின்றனர். ஆகவே நாள்தோறும் தாய்மரத்தின் புதிய மாற்றங்களை நம் கிளைக்குள் வரவழைத்துக்கொள்ளுதல் நன்று. சிறு முரண்களை அன்றன்று தீர்ப்பவனுக்குப் பெருமுரண் நேராது.

மூன்றாவது, வழங்குமுன் துலக்குக. தனிக்கிளையில் 'முயற்சி', 'மீண்டும் முயற்சி', 'இது சரியாக வரலாம்' என்றெல்லாம் பதிவுகள் கிடக்கும். அவற்றை ஒழுங்குபடுத்தி, இரண்டு மூன்று தெளிவான பதிவுகளாகத் திரட்டலாம். பழைய இடத்தில் பிரிந்த கிளையை எடுத்துத் தாய்மரத்தின் இன்றைய நுனியில் ஒட்டவும் செய்யலாம். ஒட்டுமாங்கன்று செய்வோர் அறிந்த வித்தைதான். தனிக்கிளையில் இதற்குத் தடையில்லை.

நான்காவது, வழங்கிய பின் வரலாற்றை மாற்றாதே. முன்னர் சொன்ன சங்கிலியை நினைவுகூருங்கள். ஒரு கணு மாறினால் பின்வருவன யாவும் மாறும். பிறர் நம் பதிவுகளை எடுத்து அவற்றின்மேல் தங்கள் வேலையைக் கட்டத் தொடங்கிய பின்னர், நாம் அவற்றை மாற்றினால் அவர்கள் நிற்கும் தரையை நாம் பெயர்த்தவராவோம். வழங்கிய வேலையில் பிழை காணின், அதைத் திருத்தும் புதிய பதிவொன்றை மேலே இடுவதே முறை. பிழையும் தெரியும், திருத்தமும் தெரியும். அதில் இழுக்கு ஒன்றுமில்லை.

ஐந்தாவது, இணைந்ததெல்லாம் பொருந்தியது என்று எண்ணாதே. தொடக்கத்தில் சொன்ன வினாத்தாளுக்கே திரும்பி வருவோம். கண்டி ஆசிரியர் ஏழாம் வினாவில் ஒரு முக்கோணத்தின் பக்க நீளத்தை மாற்றுகின்றார். மாத்தளை ஆசிரியர், பழைய நீளத்தைக் கொண்டு, புள்ளி வழங்கும் திட்டத்தில் விடையை எழுதுகின்றார். இருவரும் தொட்டவை வெவ்வேறு கோப்புகள். ஆதலின் கருவிக்கு முரண் எதுவும் தெரியாது. ஓசையின்றி இணைத்துவிடும். வினாவும் விடையுமோ ஒன்றுக்கொன்று பொருந்தா. சொல்லின் முரணைக் கருவி காட்டும். பொருளின் முரணை மனிதன்தான் காணவேண்டும். இணைத்த பின் முழுவதையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது இதனாலேயே.

ஆறாவது, தனிமை வேறு, பாதுகாப்பின்மை வேறு. ஒரே கணினியில் மட்டும் உள்ள கிளை, அக்கணினியின் வட்டு பழுதுற்றால் அதனோடு அழியும். மழைக்காலத்து இடிமின்னல் மலைநாட்டாருக்குப் புதிதன்று. ஆகவே தனிக்கிளைக்கும் வேறோரிடத்தில் ஒரு படி இருக்கட்டும். அதேபோல, தனிக்கிளைதானே என்று எண்ணிக் கடவுச்சொற்களையோ, மாணவரின் முகவரி, மருத்துவக் குறிப்பு முதலியவற்றையோ அதில் இடுதல் கூடாது. இன்று நீக்கிய வரி நேற்றைய பதிவில் இருந்தே தீரும். கிளை தாய்மரத்தோடு சேரும் நாளில் அதன் பழைய பதிவுகளும் உடன் வரக்கூடும்.

நேயர்களே, இந்நெறிகளில் பெரும்பாலானவை கணினிக்கு மட்டும் உரியவை அல்ல. நம் பாடசாலைகளில் திறமை மிக்க மாணவர் சிலர் கூட்டு வேலையில் தயங்கி நிற்பதைக் காண்கின்றோம். தங்கள் ஆக்கம் நிறைவுபெறவில்லை என்னும் நாணம் ஒரு காரணம். பிறர் கைபட்டால் அது தமதன்றிப் போகும் என்னும் அச்சம் மற்றொரு காரணம். முதலாவதற்குத் தனிக்கிளை மருந்து. அங்கே அவர் அஞ்சாமல் பிழைக்கலாம், அழிக்கலாம், மீண்டும் எழுதலாம். இரண்டாவதற்கு இணைப்பே மருந்து. தாய்மரத்தில் சேர்ந்த பின்னும் ஒவ்வொரு பதிவிலும் அவர் பெயர் நிலைத்திருக்கின்றது. சுவடி எழுதிய நம் முன்னோர் பலரின் பெயரை நாம் அறியோம். இம்முறைமையில் ஒரு காற்புள்ளியைத் திருத்திய மாணவியின் பெயரும் மறைவதில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழுச் செயற்றிட்டம் கொடுக்கும்போது, முடிந்த பொருளை மட்டும் பார்த்துப் புள்ளி இடாது, அது வளர்ந்த பதிவுகளையும் பாருங்கள். யார் எப்போது எதைச் செய்தார் என்பது அங்கே தெரியும்; ஒருவர் உழைப்பில் நால்வர் புள்ளி பெறுவதும் தவிரும். ஆனால் தனிக்கிளையில் நடந்த தடுமாற்றத்துக்காகப் புள்ளி குறைக்க வேண்டா. அது மாணவர் தமக்கென வைத்துக்கொண்ட பயிற்சித் தாள்.

தனித்துச் சிந்திக்கும் உரிமையும், சிந்தித்ததைப் பொதுவில் சேர்க்கும் கடமையும் ஒருவரிடத்தே கூடி இருத்தல் வேண்டும். உரிமை மட்டும் இருப்பின் வேலை மூலையில் முடங்கும். கடமை மட்டும் இருப்பின் அரைகுறை வேலை அரங்கேறும். இவ்விரண்டையும் நம் பிள்ளைகள் கணினிக் கூடத்திலே பழகிக்கொள்வார்களாயின், அவர்கள் நாளை எத்தொழிலுக்குச் சென்றாலும் அப்பழக்கம் அவர்களுக்குத் துணையாக நிற்கும்.